செல்லத்துரை சாரின் பாஞ்சோ

பழைய வாத்தியங்களை வாங்கிச் சரிசெய்து விற்கிற இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்னிடம் வந்து நீங்கள் கேட்பதெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள். எந்தப் பசை நல்லது, எந்த மரம் வளையும், தந்தியைத் தாங்குகிற குதிரையை எங்கே வைப்பது. இதற்கெல்லாம் நான் எதற்கு? நாலு வாத்தியத்தைக் கெடுத்தால் ஐந்தாவது தானாகச் சரியாக வரும். சென்னையில், பாடியில் அத்தனை வருஷம் கடை போட்டிருந்தேனே, கை தடுமாறிய இடங்களைக் கேட்டால் எனக்கு ஞாபகம்கூட இல்லை. மனசு தடுமாறிய இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன். கேட்க இஷ்டமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பாஞ்சோ என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு டைப்ரைட்டர் மாதிரி கட்டை வைத்த புல்புல் தாராதான் ஞாபகம் வரும். அதை இங்கே பாஞ்சோ என்று சொல்லிக்கொண்டு பலபேர் திரிந்தார்கள். நான் சொல்வது அது இல்லை, அசல் பாஞ்சோ. ஒரு பெரிய கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருக்கும். வட்டமான சட்டத்தில் தோல், அதன்மேல் இரும்பு வளையம், வளையத்தைச் சுற்றிலும் கொக்கிகள் பிடித்து இழுத்திருக்கும், நடுவில் நாலு தந்தி. வெளிநாட்டில் செய்தது. எந்த வருஷம், எந்த கம்பெனி என்று தெரிந்துகொள்ள முடியாத அளவுக்குப் பழசு.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒருவர் ரிட்டயர் ஆகி வீட்டைக் காலி செய்கிறார், ஏதோ வாத்தியம் வைத்திருக்கிறார் என்று ஒரு பால்காரர் வந்து சொன்னார். போட்டது போட்டபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். இந்த மாதிரி வீட்டுக்கு எடைக்கு எடுக்கிறவன் போவதற்கு முன்னால் நாம் போய்விட வேண்டும். அவனுக்குப் பாஞ்சோ என்றால் அந்த இரும்பு வளையம் மட்டும்தான்.

வீடு முழுக்க மூட்டை கட்டி வைத்திருந்தது. ஒரே ஒரு நாற்காலி பாக்கி. அதில் செல்லத்துரை சார் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். இருபது வயதில் ஆவடிக்கு வேலைக்கு வந்து, அங்கேயே கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, மனைவியையும் அங்கேயே பறிகொடுத்தவர். இனிமேல் முகப்பேரில் மகன் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஹவுசிங் போர்டு பிளாட், இரண்டு அறை, பரீட்சைக்குப் படிக்கிற பேத்தி. அங்கே போய் பாஞ்சோ தட்ட முடியாது. மருமகளை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

பாஞ்சோ பார்க்கப் பரிதாபமாக இருந்தது. தோல் கிழிந்து தொங்கியது. கழுத்து முன்னால் வளைந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாட்டை விட்டுப் போன ஓர் ஆங்கிலோ இந்தியரிடம் வாங்கியதாம். தொழிலாளர்கள் நடத்திய பாட்டுக் குழுவில் வருஷக்கணக்காக வாசித்தாராம். மனைவி போன பிறகு தொடவில்லை.

அவர் விலை கேட்கவில்லை. "இத எங்க கொண்டு போவீரு?" என்றார்.

"பாடில கடை கீது சார். ரெடி பண்ணி யார்னா வாசிக்கறவங்களுக்குக் குடுப்பேன்."

"வாசிக்கவங்களுக்குத்தான வே? செவுத்துல அழகுக்கு மாட்டுத ஆளுக்கு இல்லியே?"

"செவுத்துல மாட்டறதுக்கு நான் இன்னா மான் கொம்பா விக்கிறேன்?"

வாய்விட்டுச் சிரித்தார். சாமானெல்லாம் மூட்டையாகிவிட்ட அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு பெரிதாகக் கேட்டது. கிளம்பும்போது கடை எங்கே என்று கேட்டார். டயர் கடைக்குப் பக்கத்தில் என்று நானும் சொல்லித் தொலைத்தேன்.

சொல்லியிருக்கக் கூடாது. நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு வேலை காட்டிக்கொடுத்த ஆள் வாய்க்கு வாய் சொல்வார்: "வித்தவன் கண்ணுல ரெடி பண்ண சாமானக் காட்டாத. பாத்தான்னா உனக்குப் பேஜாரு." கிழிந்து கிடந்ததை விற்றவன், அது பளபளவென்று தொங்குவதைப் பார்த்தால் வயிறு எரிவான். திருப்பிக் கொடு என்பான், ஏமாற்றிவிட்டாய் என்பான். அதனால் வாங்கின சாமானை உள்ளே வைத்துத்தான் வேலை பார்ப்போம், முடிந்ததும் வேறு பேட்டையில் விற்போம். நானும் அதுவரை அப்படித்தான் செய்துவந்தேன்.

வேலையைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. ஒன்று மட்டும். அந்த வளையத்தில் சில கொக்கிகள் எப்போதோ உடைந்துபோய், அந்த இடங்களில் செல்லத்துரை சார் சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்து மாட்டியிருந்தார். மற்ற கொக்கிகள் நிக்கல் பூச்சோடு அழகாக இருக்க, இவை மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடலாம் என்றுதான் முதலில் கை போனது. பிறகு யோசித்தேன். இத்தனை வருஷம் இழுவையைத் தாங்கி நின்றிருக்கிறது, அதற்கு என்ன குறை? விட்டுவிட்டேன். எதைச் சரிசெய்வது என்று எல்லோருக்கும் தெரியும் அப்பா. எதைத் தொடாமல் விடுவது என்பதற்குத்தான் அனுபவம் வேண்டும்.

கழுத்தை நிமிர்த்திப் புதுத் தோல் போட்டேன். மெல்லிய ஆட்டுத்தோல், தபலாவுக்குத் தோல் போடுகிறவரிடம் பொறுக்கி எடுத்து வந்தது. ஊறவைத்து, இழுத்துக் கட்டி, நிழலில் காயவிட்டு, தந்தி போட்டு வாசல் பக்கத்துக் கொக்கியில் மாட்டினேன். ஏன் உள்ளே மாட்டவில்லை? உள்ளே இடம் இல்லை. அன்றைக்குப் பார்த்து வந்து நிற்கிறார் செல்லத்துரை சார்.

நான் சண்டைக்குத் தயாரானேன். அவர் பாஞ்சோவையே பார்த்துக்கொண்டு நின்றார். போக்ஸ் கம்பிக் கொக்கிகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இத மாத்தலியா வே?"

"நல்லாத்தானே கீது. எதுக்கு மாத்தணும்?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாத்தியத்தைக் கேட்கவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. டீ வந்தது, குடித்தார். "நம்ம சாமான் எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன். வாரேன்" என்று எழுந்து போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். முகப்பேரிலிருந்து பஸ் ஏறி, பாடியில் இறங்கி, காலை வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவார். "என்ன வே, இன்னும் விக்கலியா?" இதுதான் அவர் வணக்கம். "உன் மொகத்தப் பாத்தா எவன் சார் வாங்குவான்? வாசல்லயே ஒக்காந்துகினு கீற" என்பேன். கொஞ்ச நாளில் பாஞ்சோவைக் கையில் எடுத்தார். விரல்கள் முதலில் முரண்டு பிடித்தன, பிறகு வழிக்கு வந்தன. நான் வயலின் ஒட்டிக்கொண்டிருப்பேன், அவர் ஓரமாக உட்கார்ந்து மெல்ல வாசித்துக்கொண்டிருப்பார். பக்கத்து டயர் கடையில் சுத்தியல் சத்தம், ரோட்டில் லாரி. அதற்கு நடுவில் அந்த டிங் டிங்.

என் நிலைமையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே பெண், கட்டிக்கொடுத்தது ஓசூரில். காலையில் கடை திறந்தால் சாயங்காலம் வரை யாராவது வந்தால்தான் என் வாயிலிருந்து பேச்சு வரும். சில நாள் டீக்காரனிடம் சொன்ன "ஸ்ட்ராங்கா" என்கிற ஒரே வார்த்தையோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன். அப்படி இருந்தவனுக்குத் தினமும் ஒரு மனுஷர் வந்து உட்கார்ந்து, தாமிரபரணித் தண்ணிக்கு இந்த ஊர்த் தண்ணி உறை போடக் காணுமா என்று வம்புக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அவர் வர அரைமணி தாமதமானால் பஸ் ஸ்டாப் பக்கம் எட்டிப் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் கஸ்தூரி வந்தாள். கரையான்சாவடியில் மெல்லிசைக் குழு நடத்துகிறவள். பாடவும் செய்வாள், வேன் டிரைவரைத் திட்டவும் செய்வாள், இரண்டும் ஒரே சுருதியில் இருக்கும். கல்யாணங்களில் பழைய பாட்டுக்கு ஏகப்பட்ட கிராக்கி, அந்தக் காலத்துச் சத்தம் வேண்டும் என்று கேட்கிறார்கள், அதற்கு ஒரு பாஞ்சோ வேண்டும் என்றாள்.

"கீபோர்டுல அந்த சவுண்டு வருதுன்றான் எங்க பையன். வருது, ஆனா டின்னத் தட்ன மாதிரி வருது. இத்த கொஞ்சம் வாசிச்சுக் காட்டு அண்ணாத்தே."

எனக்குச் சுருதி கூட்டத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். வாசித்தால் விற்றுப்போகும். விற்றுப்போனால் அவர் இங்கே வர என்ன இருக்கிறது? இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் உள்ளுக்குள், சாமி, இந்த மனுஷன் விரல் இன்றைக்கு நாலு இடத்தில் வழுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வழுக்கவில்லை. தப்பாக வாசிக்க அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நாற்பது வருஷத்துக்கு முந்தின ஒரு பாட்டை எடுத்தார். டயர் கடைக்காரன் சுத்தியலை வைத்துவிட்டு வந்து நின்றான். கஸ்தூரி முதல் அடி முடிவதற்குள் கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள். முடிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆவடியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே, அந்த ஆளே இல்லை.

"சார் யாரு?" என்றாள்.

"மின்னாடி இந்த பாஞ்சோக்கு இவுருதான் சொந்தக்காரர்."

"அப்ப சாரையும் சேத்துக் குடு அண்ணாத்தே. வாசிக்க ஆளு இல்லாம வெறும் டப்பாவ எடுத்துக்கினு போயி நான் இன்னா பண்றது?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். "நானா? எனக்கு வயசாயிட்டும்மா" என்றார். சொன்னாரே தவிர பாஞ்சோவைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. கஸ்தூரியோடு ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். "வாரேன் வே" என்று கையை அசைத்தார். நான் நல்ல விலைக்கு விற்றுவிட்டு, கடைக்குள் வந்து அந்த ஸ்டூலைத் தள்ளி வைத்தேன்.

ஆனால் அவர் திரும்ப வந்தார். தோல் வாத்தியம் அப்படி. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிட்டது. சத்தம் மொத்தென்று விழுகிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீங்களும் கவனித்துக் கொள்ளுங்கள், மழைக்காலத்தில் தொய்ந்த தோலைக் கொக்கி நட்டைத் திருகி இறுக்கவே கூடாது. வெயில் வந்ததும் அது தானாக இறுகும், ஏற்கெனவே நீங்கள் இறுக்கியதும் சேர்ந்துகொண்டு கிழித்துவிடும். கொஞ்சம் சூடு காட்டி, ஈரத்தை வாங்கி, பொறுமையாக இருக்க வேண்டும். அதனால் அவர் வந்தால் இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். விளக்கின் பக்கத்தில் பாஞ்சோவை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். எந்தக் கல்யாணத்தில் யார் அழுதார்கள், எந்த மாப்பிள்ளை மேடை ஏறிப் பாடிக் கெடுத்தான், எல்லாம் சொல்வார். வெயில் காலத்தில் தோல் விறைத்துச் சத்தம் கூர்மையாகிவிடும், அதற்கும் வருவார். மழைக்கும் வருவார், வெயிலுக்கும் வருவார். அந்த ஆட்டுத்தோலை மனசுக்குள் எத்தனை தடவை கும்பிட்டிருப்பேன்!

அப்படியே இரண்டு வருஷம் போனது. ஒரு கார்த்திகை மாதம், மத்தியான நேரம். கஸ்தூரியும் அவரும் சேர்ந்து வந்தார்கள். பெட்டியைத் திறந்தால் தோல் குறுக்கே பிளந்திருந்தது. முந்தின நாள் கச்சேரியில் ஈரத்தில் தொய்ந்திருக்கிறது, சத்தம் வரவில்லை என்று குழுவில் யாரோ நட்டை நன்றாகத் திருகிவிட்டிருக்கிறார்கள். மேடையில் ஃபோகஸ் லைட் சூடு பட்டதும் பாட்டுக்கு நடுவிலேயே டமார் என்று போய்விட்டது. அவர்கள் வந்ததற்கு மறுநாள் சாயங்காலம் பூந்தமல்லியில் பெரிய கல்யாணம்.

கஸ்தூரி சுற்றி வளைக்கிற ஜாதி இல்லை. "அண்ணாத்தே, சாரு மேல எனக்கு மரியாதை கீது. ஆனா இத்தோட மூணு கச்சேரில இது கால வாரிடுச்சு. இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா கீபோர்டுதான், வேற வழி கெடயாது. பிளாஸ்டிக்ல தோலு வருதாமே, அது கீதா உன்கிட்ட?"

இருந்தது. உடைந்துபோன ஒரு வெளிநாட்டு வாத்தியத்தோடு வந்தது, அளவும் சரியாக இருக்கும். பிளாஸ்டிக் தோல் தொய்யாது, விறைக்காது. மழையும் வெயிலும் அதற்கு ஒன்றுதான். போட்டுவிட்டால் முடிந்தது, தந்தியை மட்டும் மாற்றிக்கொண்டு வருஷக்கணக்காக ஓட்டலாம். தந்தி பூந்தமல்லியிலேயே கிடைக்கும். சத்தம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும், ஆட்டுத்தோலின் கனம் வராது.

கஸ்தூரி யாருக்கோ போன் பண்ண வெளியே போனாள். அவர் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். வயசு அன்றைக்குத்தான் அவர்மேல் தெரிந்தது.

"நீரே சொல்லும். தோலா, பிளாஸ்டிக்கா? எனக்குத் தோல்தான் இஷ்டம். இந்தச் சத்தத்துக்குத்தான் பழகிக் கெடக்கேன். ஆனா இந்தக் குழு போயிட்டுன்னா எனக்கு அந்த பிளாட்டு பால்கனிதான் வே. அங்க ஒக்காந்து எதுத்த பிளாட்டு பால்கனியப் பாக்கணும்." பிளந்த தோலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தோலுன்னா மாசத்துக்கு ஒரு தரம் வந்து உம்மள வேற தொந்தரவு பண்ணணும்."

தொந்தரவாம்!

நான் என்ன சொன்னாலும் அவர் கேட்டிருப்பார். "தோலே போடலாம் சார், இந்த தபா கெட்டியாப் போட்டுத் தரேன், மாசா மாசம் எடுத்துகினு வந்துடு" என்று சொல்லியிருந்தால் தலையை ஆட்டிக்கொண்டு போயிருப்பார். அதில் பொய்கூட இல்லை, சத்தம் தோலில்தான் நன்றாக இருக்கும், எந்த விவரம் தெரிந்தவனும் ஒத்துக்கொள்வான். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நெருக்கடி என்றால் ஏதோ கழுத்து முறிவதும் பலகை வெடிப்பதும் என்று நினைக்கிறீர்கள். ஆசையும் நியாயமும் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்கும், அதுதான் நெருக்கடி. இந்த வேலை யாருக்காக என்று அப்போது ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

"பிளாஸ்டிக்கு போட்றலாம் சார். மேடைல அதான் கெட்டி" என்றேன்.

அன்றைக்குப் போல நிதானமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. கொக்கி ஒவ்வொன்றாக எதிரெதிராக இறுக்கினேன், போக்ஸ் கம்பிகளையும் சேர்த்து. குதிரையை வைத்து, எடுத்து, ஒரு மயிரிழை நகர்த்தி வைத்தேன். தோலின் கனம் கொஞ்சமாவது வரட்டும் என்று உள்பக்கம் ஒரு துண்டு கம்பளித் துணியைச் செருகினேன். அவர் வாங்கி வாசித்தார். முதலில் முகம் சுளித்தார். பிறகு காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு புருவம் ஏறியது.

"பரவாயில்ல வே. நல்லாத்தான் பேசுது."

கிளம்பும்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை இல்லாவிட்டாலும் சும்மா வந்துவிட்டுப் போ சார் என்று. அவ்வளவுதானே? சொல்லவில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒரு வீம்பு. அவரும் அப்படிப்பட்டவர்தான். கையில் ஒரு வேலை இல்லாமல் இன்னொருவர் கடையில் போய் உட்காருகிற ஆள் இல்லை, ஆரம்பத்தில் வந்ததுகூட சாமானைப் பார்க்கத்தானே வந்தார். "வாரேன் வே" என்றார். "வா சார்" என்றேன். வேனில் ஏறினார்.

பூந்தமல்லிக் கச்சேரி நன்றாக நடந்ததாம். கஸ்தூரி குழுவில் இருந்த ஒருவன் இந்தப் பக்கம் வந்தபோது சொன்னான். சார்தான் இப்போது குழுவுக்கே பெரியவர், அவர் வாசிக்காமல் எந்தப் பழைய பாட்டும் ஆரம்பிப்பதில்லை, பேத்திக்கும் கற்றுக்கொடுக்கிறாராம் என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்தது. நிஜமாகவே நிறைந்தது. சார் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

அடுத்த ஐப்பசியும் வந்தது. அந்த வருஷம் பேய்மழை. பாடி ரோடெல்லாம் முழங்கால் தண்ணீர். பக்கத்துக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன பிறகும் நான் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிருதங்கம் வந்தது, தபலா வந்தது, டோலக் வந்தது, ஈரத்தில் ஊரில் உள்ள தோலெல்லாம் தொய்ந்துபோய் என் கடைக்கு வந்தது. பாஞ்சோ மட்டும் வரவில்லை. அதற்கடுத்த மழைக்கும் வரவில்லை. கடையை மூடுகிற வரைக்கும் வரவில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தேன்.